இருங்காட்டுக்கோட்டையில் முதல் பந்தய வார இறுதி: புதிய மோட்டார் சைக்கிள் வீரருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பந்தய வார இறுதியில் புதியவர் பிரிவில் போட்டியிடும் ஒருவர் தடத்தின் மீது உண்மையாகவே வண்டி ஓட்டும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், அது ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. பயிற்சி ஓட்டம் 15 நிமிடம், தகுதிச் சுற்று இன்னொரு 15 நிமிடம், சுற்றுக்கு ஏறக்குறைய 2 நிமிடம் வீதம் 6 சுற்றுப் பந்தயங்கள் இரண்டு என்று வைத்துக்கொண்டால் 24 நிமிடம், கணக்கு அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் வண்டியை ஏற்றுவதிலும் இறக்குவதிலும், வரிசையில் நிற்பதிலும், போல்ட் முடுக்குவதிலும், வெயிலில் காத்திருப்பதிலுமே போகும். முதன்முறை வருபவர்கள் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியே மாதக்கணக்கில் கனவு கண்டுவிட்டு, மீதமுள்ள நாற்பது மணி நேரத்துக்கு எந்த ஏற்பாடும் இல்லாமல் வந்து இறங்குகிறார்கள். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த நாற்பது மணி நேரத்தைப் பற்றியது. ஓட்டும் நுட்பத்தைச் சொல்லித்தரப் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன.

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்றால் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டை வரும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே அமைத்த தடம் 1990இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு சென்னைப் பந்தயங்கள், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில்தான் நடந்தன. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. இப்போது அதற்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர் மாறிவிட்டாலும், பேடாக்கில், அதாவது வீரர்கள் கூடாரமடித்து வண்டியைத் தயார்செய்யும் இடத்தில், பழையவர்கள் இன்னமும் எம்.எம்.ஆர்.டி. (மெட்ராஸ் மோட்டார் ரேஸ் ட்ராக்) என்றுதான் சொல்வார்கள். தென்னாட்டில் நமக்கு இருக்கும் மற்றொரு முக்கியத் தடம் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே; அது சிறியது, நெருக்கமான வளைவுகள் கொண்டது. இங்கே சொல்லப்படும் ஏற்பாடுகளில் பெரும்பகுதி அங்கும் பொருந்தும்.

உரிமமும் பிரிவும்

நாட்டில் மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் அமைப்பு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு). அதன் போட்டி உரிமம் இல்லாமல் எந்தப் பந்தயத்திலும் பெயர் கொடுக்க முடியாது. விண்ணப்பத்தோடு மருத்துவச் சான்று, இரத்தப் பிரிவு விவரம், வயதுச் சான்று ஆகியவை வேண்டும். பதினெட்டு நிரம்பாதவர் என்றால் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். புதியவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிப் பள்ளி ஒன்றில் தேறிய சான்றிதழையும் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், பந்தயத் தேதியை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பயிற்சி வகுப்பில் முன்கூட்டியே இடம் பிடித்துக்கொள்வது நல்லது. மருத்துவச் சான்றைக் கடைசி வாரத்தில் தெருமுனை மருத்துவரிடம் கையெழுத்தாக வாங்கிக்கொள்ளாமல், இரத்த அழுத்தத்தையும் கண்பார்வையையும் உண்மையாகவே பரிசோதித்துக்கொள்ளுங்கள். கிட்டப்பார்வையோடு 130 கிலோமீட்டர் வேகத்தில் கொடிகளைத் தேடுவது எத்தனை கடினம் என்பதை அனுபவத்தில் கற்க வேண்டியதில்லை.

எந்தப் பிரிவில் ஓட்டுவது என்ற கேள்விக்கு என்னுடைய பதில் ஒன்றே. புதியவர்களுக்கென்று 165 சிசி ஸ்டாக் பிரிவு (தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலிருந்து பெரிதும் மாற்றாத வண்டிகளுக்கான பிரிவு) இருக்கும்போது, வீட்டில் 300 சிசி வண்டி நிற்கிறது என்பதற்காகப் பெரிய பிரிவில் இறங்கக் கூடாது. சிறிய வண்டியில் வளைவில் இழந்ததை நேர்ச்சாலையில் ஆக்சிலரேட்டரைத் திருகி மீட்டுவிட முடியாது. வளைவில் எவ்வளவு வேகத்தைக் கொண்டுபோகிறோம் என்பதே அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பதால், தவறுகள் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் நேரப் பட்டியலில் வந்து நிற்கும். கற்றலும் அந்த அளவுக்கு வேகமாக நடக்கும். செலவுக் கணக்கும் இதையே சொல்கிறது. சாலைக் காப்பீடு பந்தயத்தில் ஏற்படும் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூடத் தராது. ஆகவே, ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதுமாக நொறுங்கிய நிலையில் வீட்டுக்கு வந்தாலும் உங்கள் குடும்பத்துச் செலவு தடுமாறாது என்ற மதிப்புள்ள வண்டியை மட்டுமே தடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வண்டியைத் தயாரித்தல்

இந்த வேலையைப் பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கி, ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் மாட்டாதீர்கள். நண்பர் எங்கிருந்தோ வாங்கிவந்த சைலன்சராக இருந்தாலும் சரி, புதிய கிளட்ச் தட்டுகளாக இருந்தாலும் சரி, ஓட்டிப் பார்க்காத பொருள் ஒன்று பந்தய வண்டியில் இருப்பது கடன்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பது போன்றது.

முதலில் கழற்ற வேண்டியவற்றைக் கழற்றுங்கள். கண்ணாடிகள், இண்டிகேட்டர்கள், நம்பர் பிளேட், சைடு ஸ்டாண்ட், சென்டர் ஸ்டாண்ட், புடவைக் காப்பு, பின்னிருக்கைக் கால்மிதிகள், கைப்பிடிக் கம்பி ஆகிய அனைத்தும் போக வேண்டும். முகப்பு விளக்கைக் கழற்றச் சொல்கிறார்களா, ஒட்டுநாடா போட்டு மூடினால் போதுமா என்பதை உங்கள் பிரிவின் விதிப்புத்தகம் சொல்லும். அந்தப் புத்தகத்தை அச்சிட்டு ஒரு முறைக்கு இரண்டு முறை படிப்பதைவிடப் பயனுள்ள ஒரு மணி நேரம் இந்த இரண்டு வாரத்தில் வேறு இல்லை. ஸ்டாக் பிரிவில் எதை மாற்றலாம் என்று எழுதியிருக்கிறதோ அதை மட்டுமே மாற்றலாம். எழுதாததெல்லாம் தடை என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பான வாசிப்பு.

அடுத்தது லாக் வயர். புதியவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இயந்திர எண்ணெய் வடிக்கும் போல்ட், எண்ணெய் ஊற்றும் மூடி, எண்ணெய் ஃபில்டர் மூடியின் போல்ட்கள் ஆகியவை அதிர்வில் கழன்றால் எண்ணெய் முதலில் உங்கள் பின்சக்கரத்தின் மீதும், அடுத்து பின்னால் வருகிற பதினைந்து பேரின் பாதையிலும் கொட்டும். அதனால்தான் அவற்றின் தலையில் சிறு துளையிட்டு, துருப்பிடிக்காத மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கி, அசையாத வேறொரு பகுதியோடு கட்டச் சொல்கிறார்கள். பிரேக் காலிப்பர் போல்ட்களுக்கும் இதே ஏற்பாடுதான். கம்பியைக் கட்டும் திசை முக்கியம்: போல்ட் தளர முயன்றால் கம்பி இறுக வேண்டும், அதாவது எப்போதும் முடுக்கும் திசைக்கே இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். எதிர்த்திசையில் அழகாக முறுக்கிக் கட்டிய கம்பி வெறும் அலங்காரம். போல்ட் தலையில் துளையிடும்போது சாதாரண டிரில் முனைகள் உடைந்துகொண்டே இருக்கும். ஆதலால் லேத் பட்டறையில் கொடுத்துத் துளையிட்டு வாங்குவதே மலிவு. முறுக்கிய முனையை வெட்டிய பிறகு உள்பக்கமாக மடக்கிவிடுங்கள். இல்லையெனில் அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது அந்த முனை உங்கள் உள்ளங்கையைக் கிழித்து நினைவூட்டும்.

நான் முதன்முதலாக ஸ்க்ரூட்டினிக்கு, அதாவது பந்தயத்துக்கு முந்தைய வண்டிச் சோதனைக்கு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது வடிகால் போல்ட்டுக்கு மட்டும் கம்பி கட்டியிருந்தேன். எண்ணெய் மூடியை மறந்துவிட்டேன். வரிசையிலிருந்து விலக்கப்பட்டு, பக்கத்துக் கூடாரத்தில் கம்பியும் இன்னொரு கூடாரத்தில் இடுக்கியும் கடன் வாங்கிக் கட்டி முடித்தபோது பயிற்சி ஓட்டத்தில் பாதி போயிருந்தது. ஒரு சாண் கம்பிக்கு நான் கொடுத்த விலை நான்கு சுற்றுகள்.

பிரேக் எண்ணெயைக் கட்டாயம் மாற்றுங்கள். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், நாளாக ஆகக் கொதிநிலை இறங்கி 155 டிகிரி அளவுக்குக்கூட வந்துவிடும். நகரத்துச் சாலையில் இந்த வேறுபாடு ஒருபோதும் தெரியாது. தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப அழுத்திப் பிடிக்கும்போது எண்ணெய் கொதித்துக் குமிழி உண்டாகி, நான்காம் சுற்றில் பிரேக் லீவர் பஞ்சுபோல் கைப்பிடி வரை வந்துவிடும். புதிய பிரேக் பேட்களை மாட்டினால் அவற்றைப் பந்தயத்துக்கு முன்பே சாலையில் ஓட்டிப் பதியவைத்துவிடுங்கள்.

செயினின் தொய்வை, ஒருவரை வண்டியின் மேல் உட்காரவைத்துச் சரிபாருங்கள். தனியாக நிற்கும்போது சரியாகத் தெரியும் செயின், ஆள் உட்கார்ந்து பின்சக்கரம் மேலே போகும்போது விறைத்துவிடக்கூடும். ஆக்சிலரேட்டரைத் திருகிக் கையை எடுத்தால் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிய நிலையிலும் அப்படியே மூட வேண்டும். இயந்திரத்தை உடனே நிறுத்தும் கில் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும். லீவர்களின் முனை உருண்டையாக இருக்க வேண்டும், உடைந்து கூராகி இருக்கக் கூடாது. ஹேண்டில் முனைகள் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். நீரால் குளிரும் இயந்திரமாக இருந்தால் கூலன்டை முழுவதும் வடித்துவிட்டு வெறும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். கூலன்ட் தடத்தில் சிந்தினால் எண்ணெயைப் போலவே வழுக்கும், காய்வதற்கும் நெடுநேரமாகும். சக்கர பேரிங்குகள், ஸ்டீரிங் தலைப் பகுதி ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்பதை முன்சக்கரத்தைத் தூக்கிவைத்து அசைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: ஒற்றைத் துண்டாகத் தைத்த தோல் உடுப்பு, முதுகுக் காப்பு, மார்புக் காப்பு, மணிக்கட்டைத் தாண்டி மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேல் ஏறும் பந்தயக் காலணி, இரட்டை வளைய வாருடைய முழு ஹெல்மெட். ஹெல்மெட்டின் தரச்சான்று எந்த வகையாக இருக்க வேண்டும் என்பதை விதிப்புத்தகத்தில் பார்த்த பிறகே வாங்குங்கள். பழைய தோல் உடுப்பு வாங்குவதில் தவறில்லை, ஆனால் தையல்களை இழுத்துப் பாருங்கள். சறுக்கும்போது முதலில் பிரிவது தோல் அல்ல, தையல்தான். பழைய ஹெல்மெட்டை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். காதடைப்பான் வைத்துக்கொண்டு ஓட்டப் பழகுங்கள். காற்றின் இரைச்சல் குறைந்தால் களைப்பும் குறையும்.

வெள்ளிக்கிழமை

நகரத்திலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய், அதே வண்டியில் பந்தயம் ஓடி, அதே வண்டியில் திரும்பி வரும் காலம் முடிந்துவிட்டது. கண்ணாடியும் ஸ்டாண்டும் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டவும் முடியாது. வாடகைக்கு ஒரு குட்டி யானை பிடித்து, இன்னொரு வீரரோடு வாடகையைப் பங்கிட்டுக்கொண்டால் செலவு பாதியாகும். ஹேண்டிலின் இரு பக்கமும் பட்டையால் கீழ்நோக்கி இழுத்து, முன் ஃபோர்க் பாதியளவு அமுங்கும்படி கட்டுங்கள். கயிற்றைவிட ராட்செட் பட்டை மேல். முன்சக்கரம் வண்டியின் தடுப்புச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தால் பயணத்தில் அசையாது.

கொண்டுபோக வேண்டியவற்றின் பட்டியலை உங்கள் வண்டியைச் சுற்றி நடந்தபடியே எழுதுங்கள். எந்தப் பாகத்தைத் தொட்டாலும் அதைக் கழற்றும் ஸ்பானர் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிளட்ச் லீவர், பிரேக் லீவர், கியர் லீவர், கால்மிதி, ஆக்சிலரேட்டர் கேபிள் ஆகியவற்றில் ஒவ்வொன்று உபரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் சிறிய சறுக்கலில் உடைபவை இவைதாம். இவை கையிருப்பில் இருந்தால் காலையில் விழுந்தவர் மாலையில் பந்தயம் ஓடலாம். நல்ல டயர் அழுத்தமானி, கால் பம்பு, வண்டியைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட், தீயணைப்பான், கேபிள் டை, ஒட்டுநாடா, லாக் வயர், முதலுதவிப் பெட்டி, மடக்கு நாற்காலி ஆகியவற்றோடு ஒரு தரைவிரிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலை உலோகக் கேனில் மட்டும் கொண்டுவாருங்கள். இவ்வளவையும் எழுதினேனே தவிர, பக்கத்துக் கூடாரத்தில் எதையாவது கடன் வாங்காத வீரர் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. வாங்கியதைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

உங்களுக்கென்று ஒருவரை உடன் அழைத்துவருவது அவசியம். அவர் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. நேரத்தைப் பார்த்து உங்களைக் கூப்பிடவும், அறிவிப்புப் பலகையைப் போய்ப் படித்துவிட்டு வரவும், நீங்கள் விழுந்தால் வீட்டுக்குத் தகவல் சொல்லவும் பதற்றப்படாத ஒரு தம்பியோ, அக்காவோ, அலுவலக நண்பரோ போதும்.

வெள்ளி மாலையில் அனுமதி கிடைத்தால் தடத்தைச் சுற்றி நடந்துவிடுங்கள். 3.7 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் வண்டியில் ஐம்பது சுற்று ஓடினாலும் கிடைக்காத செய்திகள் அந்த நடையில் கிடைக்கும். ஒவ்வொரு வளைவிலும் நின்று மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த இடத்தில் பிரேக் பிடிப்பீர்கள், வளைவின் உட்புறத்தில் எதைத் தொட்டுப் போவீர்கள், வெளியேறும்போது எந்த இடத்துக்குப் போய்ச் சேருவீர்கள். இவற்றுக்கு அடையாளமாக நகராத பொருளையே தேர்ந்தெடுங்கள். தாரில் உள்ள ஒட்டு, கெர்பின் (தடத்தின் வண்ணமடித்த ஓரக்கட்டின்) வண்ணம் மாறும் இடம், பலகை ஆகியவை நம்பத்தக்கவை. நிழலும் நிறுத்திவைத்த ஜீப்பும் மதியத்துக்குள் இடம் மாறிவிடும். தடத்தின் ஓரத்தில் பாதுகாப்பைக் கவனிக்கும் மார்ஷல்கள் கொடியோடு நிற்கும் ஒவ்வொரு இடத்தையும் மனத்தில் பதியவைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வேகத்தில் அவர்களைத் தேட நேரம் இருக்காது. தடம் கடிகாரத் திசையில் ஓடுவதால் வலப்பக்கம் சாய்ந்திருக்கும் நேரமே கூடுதல், டயரும் அந்தப் பக்கமே முதலில் தேயும்.

சனிக்கிழமை: சோதனை, கூட்டம், தகுதிச் சுற்று

காலையில் முதல் வேலை பதிவு, இரண்டாவது வேலை ஸ்க்ரூட்டினி. வண்டியைக் கழுவித் துடைத்து எடுத்துச் செல்லுங்கள். சோதிப்பவர் எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்தால் கசிவைத் தேடத் தொடங்குவார். அது அவருடைய கடமை. ஹெல்மெட்டும் உடுப்பும் சோதனைக்கு உட்பட்டவை என்பதால் அவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். அவர் ஒன்றைக் குறை சொன்னால் வாதாடாமல் சரிசெய்துவிட்டு வருவதே விரைவான வழி. நேரம் பதியும் டிரான்ஸ்பாண்டரை வாங்கியதும் சைலன்சரின் சூட்டுக்கு அப்பால், அசையாத இடத்தில் கட்டுங்கள். அது கழன்று விழுந்தால் சுற்று நேரமும் போகும், முன்பணமும் போகும்.

வீரர்கள் கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே போய் முன்வரிசையில் நில்லுங்கள். கொடிகளின் பொருளை ஏற்கெனவே தெரிந்துவைத்திருந்தாலும், அன்று அங்கே சொல்லப்படுவதே இறுதியானது. பொதுவான பொருளைச் சொல்வதானால், அசைக்கப்படும் மஞ்சள் கொடி முன்னால் ஆபத்து என்றும் முந்தக் கூடாது என்றும் சொல்கிறது; இரண்டு மஞ்சள் கொடிகள் அசைந்தால் தடமே அடைபட்டிருக்கலாம், நிற்கத் தயாராக இருக்க வேண்டும். மஞ்சளும் சிவப்புமான பட்டைக் கொடி எண்ணெயோ மண்ணோ கிடப்பதைக் குறிக்கும். நீலம், உங்களைவிட வேகமானவர் முந்த வருகிறார் என்பதற்கு. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகப் பிட்டுக்கு (தடத்தை ஒட்டி வண்டிகள் நின்று புறப்படும் இடத்துக்கு) திரும்ப வேண்டும். கறுப்பின் நடுவே செம்மஞ்சள் வட்டம் இருக்கும் கொடியும் உங்கள் எண்ணும் காட்டப்பட்டால் உங்கள் வண்டியில் ஏதோ கழன்றிருக்கிறது அல்லது கசிகிறது. அடுத்த சுற்று வரை இழுக்காமல் பந்தயப் பாதையை விட்டு உடனே விலகுங்கள். மஞ்சள் கொடியின் கீழ் முந்தியதற்குத் தண்டனை கிடைக்கும்போது கொடியைப் பார்க்கவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. முன்னால் போகும் வண்டியின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கொடி எப்படித் தெரியும்?

டயர் அழுத்தத்தைப் பற்றிச் சென்னை வெயிலில் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். டயருக்குள் இருக்கும் காற்று சூடாக ஆக அழுத்தம் ஏறும். குளிர்ந்த நிலையில் 28 பி.எஸ்.ஐ. வைத்த டயரில் காற்றின் வெப்பம் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 4 பி.எஸ்.ஐ. கூடிவிடும். ஆகையால் காலை ஏழு மணிக்கு வைத்த அழுத்தம் மதியப் பந்தயத்துக்குப் பொருந்தாது. உங்கள் டயருக்கு எந்த அழுத்தம் என்பதை அதே டயரில் ஓட்டும் அனுபவசாலியிடம் கேளுங்கள். ‘குளிர்ந்த நிலையிலா, சூடான நிலையிலா’ என்ற துணைக்கேள்வியைக் கேட்காமல் வந்துவிடாதீர்கள். ஓட்டம் முடிந்து பிட்டுக்குள் நுழைந்தவுடன், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, உங்கள் உதவியாளர் அழுத்தத்தை அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து எடுத்த அளவு எதற்கும் உதவாது. வண்டி நிற்கும்போது டயர்கள் நேரடி வெயிலில் ஒரு பக்கமாகச் சூடேறாதபடி நிழலில் வையுங்கள்.

பயிற்சி ஓட்டத்தில் முதல் இரண்டு சுற்றுகளை மெதுவாக ஓடுங்கள். புதிய டயரின் மேற்பரப்பு பதப்பட வேண்டும், உங்கள் கண்ணும் வேகத்துக்குப் பழக வேண்டும். நேற்று நடந்து குறித்த அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பிரேக் பிடிக்கும் இடத்தைச் சுற்றுக்குச் சுற்று இரண்டு மீட்டர் அளவில் மட்டும் தள்ளுங்கள். நேர்ச்சாலையின் முடிவில் வரும் முதல் வளைவாகிய சி-1 வேகமான வலது வளைவு. அங்கே துணிச்சலைக் காட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் புதியவர் ஒருவருக்கு மலிவாகக் கிடைக்கும் நேரம் மெதுவான வளைவுகளிலிருந்து வெளியேறும் இடங்களில்தான் இருக்கிறது, ஏனென்றால் அங்கே அரை விநாடி முன்னதாக ஆக்சிலரேட்டரைத் திறந்தால் அதன் பலன் அடுத்துவரும் நேர்ச்சாலை முழுவதும் கூடவே வரும்; தவறினாலும் வேகம் குறைவு.

தகுதிச் சுற்றில் உங்களது மிகச் சிறந்த ஒரே ஒரு சுற்றின் நேரமே தொடக்க வரிசையில் உங்கள் இடத்தைத் தீர்மானிக்கும். கூட்டத்தோடு கூட்டமாக வெளியே போனால் யாராவது குறுக்கே வந்து அந்தச் சுற்றைக் கெடுப்பார்கள். அதற்காக நடுத் தடத்தில் வேகத்தைக் குறைத்து இடைவெளிக்குக் காத்திருப்பது ஆபத்தானது, தண்டனைக்குரியதும்கூட. பிட்டிலிருந்து புறப்படும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைத்து இடைவெளியை உண்டாக்கிக்கொள்ளுங்கள். உங்களைவிடச் சற்றே வேகமான ஒருவருக்குப் பின்னால் போக முடிந்தால் நேர்ச்சாலையில் அவர் பிளந்துகொடுக்கும் காற்று உங்களுக்கு இலவசம்.

மதியத்தில் உடலைப் பார்த்துக்கொள்வதும் வண்டிப் பராமரிப்பின் ஒரு பகுதியே. தோல் உடுப்புக்குள் வியர்வை நிற்காமல் ஓடும். தாகம் எடுத்த பிறகு குடித்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். மோர், இளநீர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்க்கரைசல் ஆகியவற்றைக் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவாருங்கள். காலைக்கு இட்லியும் மதியத்துக்குத் தயிர்சாதமும் வாழைப்பழமும் போதும். பேடாக்கில் பன்னிரண்டு மணிக்குப் பிரியாணி வாசம் வரும்; பந்தயம் இரண்டு மணிக்கு என்றால் அந்தப் பொட்டலத்தை மாலைக்கு எடுத்துவைத்துவிடுங்கள். ஓட்டங்களுக்கு இடையில் உடுப்பை இடுப்பு வரை இறக்கிவிட்டு நிழலில் உட்காருங்கள், நின்றுகொண்டு கதை பேசாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை: பந்தயம்

வார்ம்-அப் சுற்று வெறும் சடங்கு அல்ல. டயரையும் பிரேக்கையும் சூடாக்கவும், இரவில் மண் விழுந்த இடங்களைப் பார்க்கவும் அதுவே ஒரே வாய்ப்பு. தொடக்க வரிசையில் நீங்கள் நிற்க வேண்டிய கட்டத்தின் எண்ணை முன்கூட்டியே மனப்பாடம் செய்துவிடுங்கள். பதற்றத்தில் பக்கத்துக் கட்டத்தில் போய் நிற்பது அடிக்கடி நடக்கிறது. முதல் கியரைப் போட்டுக் கிளட்ச் பாதி பிடிக்கும் இடத்தை உணர்ந்துகொண்டு, இயந்திரச் சுழற்சியை ஒரே அளவில் நிறுத்திவையுங்கள். சிவப்பு விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணையும். எத்தனை விநாடி என்று எண்ண முயலாதீர்கள், அது ஒவ்வொரு முறையும் மாறும். விளக்கு எரியும்போதே வண்டி முன்னே நகர்ந்தால் முந்தித் தொடங்கிய குற்றம் சேரும், அதன் தண்டனை பந்தயத்தையே தின்றுவிடும். உங்களுக்கு முன் வரிசையில் யாராவது இயந்திரம் நின்று கையை உயர்த்தினால் அவரைச் சுற்றிப் போகத் தயாராக, பார்வையை அவருடைய தோளுக்கு அப்பால் வையுங்கள்.

முதல் சுற்றில் பின்னால் திரும்பிப் பார்க்காதீர்கள். இருபது வண்டிகள் ஒரே வளைவுக்குள் நுழையும்போது எல்லோருக்கும் உதவுவது, ஒவ்வொருவரும் தம் ஓட்டப் பாதையை மாற்றாமல் போவதுதான். உட்புறத்தில் ஒருவர் நுழைந்துவிட்டால் கதவைச் சாத்த முயலாமல் விட்டுக்கொடுங்கள். ஐந்து சுற்று மீதமிருக்கிறது, அவர் பெரும்பாலும் அதே வளைவின் வெளியேற்றத்தில் அகலமாகப் போய் உங்களுக்கு வழிவிடுவார்.

165 சிசி பந்தயங்களில் நான்கைந்து பேர் ஒரு கொத்தாக ஒட்டிக்கொண்டே ஓடுவது வழக்கம். முன்வண்டியின் காற்று மறைவில் போகும்போது உங்கள் வண்டி வழக்கத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓடும். இங்கேதான் புதியவர்கள் விழுகிறார்கள்: வழக்கமான அடையாளத்தில் பிரேக் பிடித்தால் போதும் என்று நினைப்பார்கள், ஆனால் வந்திருக்கும் வேகமோ கூடுதல், மார்பில் மோதி வேகத்தைக் குறைக்கும் காற்றும் இல்லை. ஆகவே ஒருவருக்குப் பின்னால் ஒட்டிச் செல்லும்போது சற்று முன்னதாகவே பிரேக் பிடியுங்கள், அல்லது பிரேக் பிடிப்பதற்கு முன் பக்கவாட்டில் விலகிக் காற்றுக்குள் வந்துவிடுங்கள்.

விழுந்தால் செய்ய வேண்டியவை சில உண்டு. வண்டியை விட்டுவிடுங்கள், ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டே சறுக்குபவரைத்தான் வண்டி புரட்டிப்போடும். கைகளை ஊன்றாமல் உடலைத் தளர்த்திச் சறுக்குங்கள். நின்றுவிட்டோம் என்று தோன்றும்போது பல நேரம் இன்னும் சறுக்கிக்கொண்டுதான் இருப்போம், ஆகையால் மூன்று எண்ணிய பிறகே எழ முயலுங்கள். பின்னால் வருபவர்களைப் பார்த்த பிறகு, தடத்தைக் குறுக்காகக் கடக்காமல் அருகிலிருக்கும் ஓரத்துக்குப் போய்த் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். வண்டியை எடுக்கும் வேலையை மார்ஷல்களிடம் விட்டுவிடுங்கள். அவர்கள் ஒரு நாள் முழுவதும் வெயிலில் நின்று உங்களுக்காகக் காத்திருப்பவர்கள், குரலை உயர்த்தாதீர்கள். தலை தரையில் பட்டிருந்தால் மருத்துவ மையத்துக்குப் போய்ச் சோதித்துக்கொள்ளாமல் மறுபடி வண்டியில் ஏறக் கூடாது. மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம். அந்த ஹெல்மெட்டின் ஆயுள் அன்றோடு முடிந்தது.

முடிந்த பிறகு

பந்தய முடிவைக் காட்டும் கட்டங்கொடி விழுந்ததும் உடனே பிரேக் பிடிக்காதீர்கள். பின்னால் வருபவருக்குப் பந்தயம் இன்னும் முடியவில்லை. குளிர்விப்புச் சுற்றை மெதுவாக முடித்து, சொல்லப்பட்டால் வண்டியைக் காப்பிடத்தில் (பந்தயம் முடிந்த வண்டிகளை அதிகாரிகள் தம் காவலில் வைக்கும் இடத்தில்) நிறுத்திவிட்டு விலகுங்கள். அங்கே இருக்கும்வரை உங்கள் சொந்த வண்டியை நீங்களே தொடக்கூடாது, பெட்ரோல் மூடியைத் திறக்கவும் கூடாது. தற்காலிக முடிவுப் பட்டியல் ஒட்டப்பட்ட பிறகு ஆட்சேபம் எழுப்பக் குறுகிய நேரமே உண்டு, அதுவும் எழுத்திலும் கட்டணத்தோடும்தான். ஆகையால் உங்கள் இடம் தவறாகப் பதிவாகியிருக்கிறதா என்பதை உதவியாளர் போய் உடனே பார்த்துவர வேண்டும்.

சுற்று நேரப் பட்டியலின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மிக வேகமான சுற்றைவிட, மிக வேகமான சுற்றுக்கும் மிக மெதுவான சுற்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு கவனத்துக்கு உரியது. அது மூன்று நான்கு விநாடியாக இருந்தால் வண்டிக்கு இன்னும் பணம் செலவழிக்க வேண்டாம், பயிற்சிக்குச் செலவழியுங்கள். அன்றைய அழுத்தங்கள், கியர் விகிதம், வானிலை, எந்த வளைவில் எது தடுமாறியது என்பனவற்றை வண்டி ஏற்றுவதற்கு முன் அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று தள்ளிப்போட்டவை அடுத்த நாளே வீரக் கதைகளாக மாறிவிடும்.

கூடாரத்து இடத்தைச் சுத்தம் செய்து, வடித்த எண்ணெயைக் கேனில் அடைத்து எடுத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் திரும்பும்போது ஸ்டீரிங்கை உடன் வந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு நாள் வெயிலும் பந்தயத்தின் படபடப்பும் இறங்கும் அந்த நேரத்தில் பூந்தமல்லி தாண்டுவதற்குள் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். மதியம் எடுத்துவைத்த பிரியாணியை இப்போது பிரிக்கலாம்.